கே. பி. சுந்தராம்பாள்: மேடையில் விளைந்த குரல்

முல்லைத்தீவுப் பக்கத்தில் உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் மாணவி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டிருந்தார்: “கே. பி. சுந்தராம்பாளை ஒளவையாராகத் திரையில் கண்டிருக்கிறேன். கோயில் ஒலிபெருக்கியில் அவருடைய பாட்டைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் அவர் நடித்த படங்கள் கொஞ்சந்தான். அவரைப் பாடகி என்று சொன்னால் போதாதா? நடிகை என்று ஏன் படிக்க வேண்டும்? கணவர் இறந்தபின் வெள்ளைச்சேலை உடுத்து வாழ்ந்தார் என்பதற்கு மேல் அவருடைய வாழ்க்கையில் என்ன இருக்கிறது?”

நல்ல கேள்வி, பிள்ளை. இதற்கு விரிவாகவே மறுமொழி எழுத வேண்டியிருக்கிறது. சுந்தராம்பாள் வளர்ந்த அரங்கில் பாட்டும் நடிப்பும் இரண்டு தொழில்களாகப் பிரிந்திருக்கவில்லை. அந்த அரங்கு தந்த குரலைத்தான் அவர் பிறகு இசைத்தட்டுக்கும் அரசியல் மேடைக்கும் திரைக்கும் கொண்டுபோனார். அந்தக் குரலை எங்கே, யாரோடு, எந்த வேடத்தில், என்ன ஊதியத்துக்குப் பயன்படுத்துவது என்பதையும் பெரும்பாலும் அவரே தீர்மானித்தார். கணவரை இழந்த துயரம் உண்மையானது. ஆனால் அவருடைய வாழ்க்கையை அந்தத் துயரத்தோடு முடித்துவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

அவர் 1908 ஒக்ரோபரில், காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். பெயரின் முன்னுள்ள ‘கே’ அந்த ஊரையும் ‘பி’ தாய் பாலாம்பாளையும் குறிக்கும். தந்தையை இளமையிலேயே இழந்த குடும்பம்; வறுமை மிகக் கொடியது. சிறுமி ரயிலில் பாடிக் காசு கேட்டுக்கொண்டிருந்ததாகவும், திருச்சியில் ரயில்வே அதிகாரியாகவும் நாடகப் பற்றாளராகவும் இருந்த எஃப். ஜி. நடேச ஐயர் அந்தக் குரலைக் கேட்டு அவரை நாடகத்துக்குள் கொண்டுவந்ததாகவும் சொல்லப்படுகிறது. வேலு நாயரின் நாடகக் கம்பெனி நடத்திய நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையாக அவர் பாடியதே சனங்களின் கவனத்தை முதலில் ஈர்த்தது. வீட்டில் பட்டினி கிடந்த பிள்ளை மேடையில் பட்டினியைப் பாடியபோது அதற்குப் பயிற்சி அதிகம் தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பசியைச் சுருதி பிசகாமல், தாளம் தப்பாமல், கொட்டகையின் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடுவதற்குப் பயிற்சி தேவை. அந்த வயதிலேயே அது அவரிடம் இருந்தது.

அந்தக் கொட்டகையைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். இது விளங்காவிட்டால் பிறகு சொல்வது எதுவும் விளங்காது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய நாடகங்களைத் தமிழகத்து நடிகர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஆகவே ஒரே கம்பெனியில் சேர்ந்து வாழாமல், ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே பேசி அழைத்து, ஒத்திகை இல்லாமலே அன்றிரவே நாடகம் போடும் வழக்கம் வளர்ந்தது. இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ராஜபார்ட் (நாயக வேடக்காரர்) ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் (நாயகி வேடக்காரர்) இன்னோர் ஊரிலிருந்தும் வந்திருப்பார்கள். மேடையிலேயே ஒருவர் திறமையை ஒருவர் அளந்துகொள்வார்கள். வள்ளி தினைப்புனத்தில் நின்று பாட, வேடனாக வந்த முருகன் மறுமொழி பாட, தர்க்கம் ஏறிக்கொண்டே போகும். ஒருவர் ஓர் இராகத்தை விரித்தால் மற்றவர் அதைவிட விரிக்க வேண்டும். ஒலிபெருக்கி கிடையாது. ஆர்மோனியம் துணை நிற்கும்; ஆனால் நடிகருடைய தொண்டைக்குப் பதிலாக வேறெதுவும் நிற்க முடியாது. வேடத்தின் குணம், கோபம், பரிகாசம், காதல் எல்லாம் அந்த உச்சஸ்தாயிப் பாட்டுக்குள்ளேயே வெளிப்பட்டாக வேண்டும். சுந்தராம்பாளின் பாட்டில் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வோர் எழுத்தும் கல்லில் வெட்டியதுபோல் தெளிவாக விழுவதற்குக் காரணம் இந்தப் பள்ளிக்கூடமே. சொல் விளங்காவிட்டால் கதை நகராது. கதை நகராவிட்டால் சனம் எழுந்து போய்விடும்.

பெண்கள் அந்த மேடையில் நிற்பது எளிதான காரியமாக இருக்கவில்லை. சுந்தராம்பாளுக்கு முந்திய தலைமுறையில் கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக்கொண்டே கம்பெனி நடத்திப் பெரும்பெயர் பெற்றிருந்தார். 1931 இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸில் நடித்த டி. பி. ராஜலட்சுமியும் நாடக மேடையிலிருந்து வந்தவரே. அவர் பின்னர் படம் தயாரித்து இயக்கவும் செய்தார். இவ்வளவு இருந்தும், நாடகக்காரி என்றால் மதிப்புக் குறைவு என்ற எண்ணம் ஊரில் மாறவில்லை. நம்முடைய கூத்துக் களரியில் கண்ணகிக்கும் மாதவிக்கும் ஆண்களே நெடுங்காலம் ஆடிவந்ததை நீங்கள் அறிவீர்கள். அந்த நிலையை மனத்தில் வைத்துப் பார்த்தால், 1920களில் ஒரு பெண் தன் பெயரைச் சுவரொட்டியில் முதலாவதாகப் போடவைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

இலங்கையோடு அவருக்கிருந்த தொடர்பு முக்கியமானது. தமிழக நாடகக்காரர்களுக்குக் கொழும்பு நல்ல சந்தையாக இருந்தது. வணிகர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் நிறைந்த நகரம். நாடகம் பார்க்கக் காசு கொடுக்கும் சனம். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் நேரே கொழும்புக்கு வரலாம். 1914 இலிருந்து தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் போகவும் வழி உண்டாயிற்று. அந்த ரயில் மன்னார்க் கரையிலிருந்து மடுவைக் கடந்து, வன்னிக் காட்டை ஊடறுத்து மதவாச்சிக்குப் போனது. ஆர்மோனியப் பெட்டியோடும் உடுப்புப் பெட்டிகளோடும் அந்த வழியால் போன நாடகக்காரர்கள் நம்முடைய ஊர்களில் இறங்கி நாடகம் போட வாய்ப்பில்லை. அப்போது இங்கே காடும் காய்ச்சலும் குளக்கரைக் கிராமங்களுமே இருந்தன. நாடகத்துக்கு நுழைவுச்சீட்டு விற்கும் கொட்டகை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்தது. வன்னியில் கூத்து கோயில் வீதியில், நேர்த்திக்கடனாக, இலவசமாக நடந்தது. ஆனால் கொட்டகையின் மெட்டுக்கள் பிறகு இங்கேயும் வந்து சேர்ந்தன. அதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து. அவருடைய அரிச்சந்திர மயான காண்டமும் நந்தனாரும் ஈழத்து இசைநாடகத்துக்கு எடுத்துக்காட்டுகள். சுந்தராம்பாள் பாடிப் பரப்பிய இசைநாடக மரபும் வைரமுத்து வளர்த்த மரபும் சங்கரதாஸ் சுவாமிகளின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

கொழும்பில்தான், 1926 இல், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு சுந்தராம்பாள் சேர்ந்து நடித்தார். கிட்டப்பா 1906 இல் பிறந்தவர். கன்னையா நாடகக் கம்பெனியில் பெயரெடுத்தவர். அவருடைய குரல் ஏறாத மேல்ஸ்தாயி இல்லை என்று கேட்டவர்கள் சொன்னார்கள். இருவரும் வள்ளி திருமணத்தில் எதிரெதிரே நின்றபோது, ஸ்பெஷல் நாடகத்தின் போட்டி மனப்பான்மை அதன் உச்சத்தைத் தொட்டது. ஒருவரை ஒருவர் தோற்கடிக்க முடியாத இரண்டு குரல்கள் ஒரே மேடையில் கிடைப்பது அரிது. 1927 இல் அவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பா பிராமண குலத்தவர், முன்னரே மணமானவர். ஆகவே இந்த உறவைச் சமூகம் இலகுவாக ஏற்கவில்லை. அவருடைய மதுப்பழக்கமும் நீண்ட பிரிவுகளும் சுந்தராம்பாளை மிகவும் வருத்தின. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. 1933 டிசம்பர் 2 ஆம் திகதி கிட்டப்பா தம்முடைய இருபத்தேழாம் வயதில் இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து வயது.

இந்த இடத்தில்தான் பலர் கதையை முடித்துவிடுகிறார்கள். அவர் வெள்ளைச்சேலை உடுத்தார், நகைகளை நீக்கினார், திருநீறும் உருத்திராட்சமும் அணிந்தார், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். எல்லாம் உண்மை. ஆனால் அந்த உறுதி அவரை வீட்டுக்குள் பூட்டிவைக்கவில்லை. சிலகாலம் ஒதுங்கியிருந்தபின் மேடைக்குத் திரும்பினார். ஸ்திரீபார்ட்டின் உயிர்நாடியே ராஜபார்ட்டோடு எதிர்நின்று பாடுவது. அதைத் தானாகவே விலக்கிக்கொண்ட ஒரு நடிகைக்கு மேடையில் என்ன வேடம் மிஞ்சும்? அவர் கண்ட விடை, ஆண்வேடமும் அடியார் வேடமும். காதலியாக நடிக்க மறுத்தவர் நந்தனாராக நின்றார். துறவு பூண்ட ஒரு பெண் அதே துறவைக் கலைக்குரிய வடிவமாக மாற்றிக்கொண்டதை நான் அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய நாடகத் தீர்மானமாக மதிக்கிறேன். துயரத்திலிருந்து ஒரு வேடவரிசையையே அவர் உருவாக்கினார்: நந்தனார், மணிமேகலை, ஒளவையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார் பற்றிய படத்தில் அவர் ஏற்ற பங்கு. இவற்றை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் தற்செயல் என்று சொல்ல முடியாது.

திரைக்கு அவர் வந்த விதமும் அப்படித்தான். அசன்தாஸ் என்ற செல்வர் நந்தனார் கதையைப் படமாக்க அவரை அணுகியபோது அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. ஒரு இலட்சம் ரூபா கேட்டால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார் என்று எண்ணியே அந்தத் தொகையைக் கேட்டதாகச் சொல்வார்கள். ஆனால் அசன்தாஸ் திரும்பிப் போகவில்லை. 1935 இல் வெளிவந்த பக்த நந்தனாருக்காகச் சுந்தராம்பாள் பெற்ற அந்த ஒரு இலட்சம், அக்காலத்தில் இந்தியத் திரையுலகில் எந்த நடிகருக்கும் கிடைத்திராத ஊதியம் என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. படத்தில் வேதியராக நடித்தவர் கர்நாடக இசை மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் போக உத்தரவு கேட்டு அடிமையாக நிற்கும் நந்தனாருக்கு எதிரே நிற்பவர் அந்த வேதியர். அங்கே ஒரு பெண் நந்தனாராக நின்றார். அவர் உயர்ந்த குலம் எனப்பட்டதில் பிறந்தவரும் அல்லர். எதிரே நின்றவர் சங்கீத உலகின் பெரியவர். பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் இந்தக் காட்சியமைப்பின் துணிச்சலைக் கவனிப்பதில்லை.

படம் குறையில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். எழுத்தாளர் கல்கி அதைக் கடுமையாகவே விமர்சித்தார். மேடைக்குப் பழகிய உடலும் முகமும் கமராவுக்கு முன் தடுமாறியிருக்கலாம். அன்றைய படங்களும் நாடகத்தை அப்படியே எதிரே வைத்துப் பிடித்தவைதான். கொட்டகையில் கடைசி வரிசைக்காரருக்காக வளர்த்த கை வீச்சும் கண் வீச்சும் திரையில் அளவுக்கு மீறித் தெரியும். 1940 இல் வந்த மணிமேகலைக்குப் பின் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் அவருடைய படம் எதுவும் வரவில்லை.

அந்த இடைவெளியில் அவர் சும்மா இருக்கவில்லை. கிட்டப்பாவின் காலத்திலேயே காங்கிரஸ் பற்று அவரிடம் வேரூன்றியிருந்தது. காங்கிரஸ் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி நாடகக் கலைஞர்களைத் தேசிய இயக்கத்துக்குள் இழுத்துவருவதில் ஆர்வம் கொண்டிருந்தார். சுந்தராம்பாள் அவருடைய கூட்டங்களில் பாடினார். காந்தியடிகளையும் பகத்சிங்கையும் பற்றிய பாட்டுக்கள் அவருடைய குரலில் இசைத்தட்டாகி, வாசிக்கத் தெரியாத சனங்களிடமும் போய்ச் சேர்ந்தன. பேச்சாளர் மேடைக்கு வருமுன் ஆயிரக்கணக்கானோரை அமைதியாக உட்காரவைக்க வல்ல குரல் அது. 1951 இல் அவர் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையில் காங்கிரஸ் உறுப்பினரானார். திரைக் கலைஞர் ஒருவர் இந்தியாவில் சட்டமன்ற அவைக்குள் அடியெடுத்து வைத்தது அதுவே முதல் தடவை என்று சொல்லப்படுகிறது. தமிழக அரசியலில் திரையுலகத்தார் பெற்ற இடத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலிருந்தே தொடங்குகிறார்கள். கொடுமுடிப் பெண்ணிலிருந்து தொடங்குவதே சரி.

1953 இல் ஜெமினி எஸ். எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஒளவையார் வெளிவந்தது. நீங்கள் கண்ட படம் இதுவாகவோ 1965 இன் திருவிளையாடலாகவோ இருக்கலாம். இரண்டிலும் அவர் ஒளவையே. நாற்பத்தைந்து வயதுக்காரர் கோலூன்றிய கிழவியாக நடித்தது ஒப்பனையால் மட்டும் நிற்கவில்லை. இளமையை இறைவனிடம் வேண்டி இழந்து முதுமையைப் பெற்றாள் என்பது ஒளவையின் கதை. இருபத்தைந்து வயதில் தானாக இளமைக் கோலத்தைக் கழற்றி வைத்தவருக்கு அந்த வேடம் பொருந்தியதில் வியப்பில்லை. இங்கே அவருடைய நடிப்பு 1935 இல் இருந்ததைவிட மிகவும் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். உடல் அசைவு குறைந்துவிட்டது. நிற்கிறார், பார்க்கிறார், பாடுகிறார். நாடக நடிகை ஒருவர் திரையின் அளவைக் கற்றுக்கொண்டதற்கு அது சான்று. திருவிளையாடலில் பழத்துக்காகக் கோபித்துக் குன்றேறி நிற்கும் முருகனை அவர் பாட்டால் சமாதானம் செய்யும் காட்சியில், ஒரு வரிக்குள்ளேயே கொஞ்சலும் கண்டிப்பும் மாறி மாறி வருவதைக் கேட்கலாம். வள்ளி திருமணத் தர்க்கத்தில் முருகனோடு பாடிப் பாடிப் பழகிய நாக்கு அது. ஒலிவாங்கி வந்தபிறகும் அவர் தொண்டையைச் சுருக்கிக்கொள்ளவில்லை.

நம்முடைய மண்ணில் இருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய படம் 1964 இல் வந்த பூம்புகார். கலைஞர் மு. கருணாநிதி வசனம் எழுதிய அந்தப் படத்தில் எஸ். எஸ். இராஜேந்திரன் கோவலனாகவும் விஜயகுமாரி கண்ணகியாகவும் நடித்தார்கள், சுந்தராம்பாள் கவுந்தியடிகள். காங்கிரஸ்காரர் ஒருவர் திராவிட முன்னேற்றக் கழகத்தவரின் படத்தில் நடித்தார். சைவத் திருநீற்றோடு வாழ்ந்தவர் சமணத் துறவியாக வந்தார். இரண்டுமே அவர் கலைக்குக் கொடுத்த இடத்தைக் காட்டுகின்றன. வற்றாப்பளை அம்மன் கோயிலும், முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் எரியும் விளக்கும், வைகாசிப் பொங்கலும், சிலம்பு கூறலும், முல்லைத்தீவுப் பாணியான முல்லைமோடியில் ஆடும் கோவலன் கூத்தும் கண்ணகியை நமக்கு அன்றாடத் தெய்வமாக வைத்திருக்கின்றன. நம்முடைய மரபில் கண்ணகியின் கோபமே நடுநாயகமாக நிற்கிறது. வழக்குரைக்கும் காட்சியில்தான் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருடைய மத்தளமும் பிற்பாட்டுக்காரருடைய குரலும் உச்சிக்கு ஏறும். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளோ துறவி; கோவலனையும் கண்ணகியையும் மதுரைவரை துணைநின்று அழைத்துப்போய், நடந்ததை அறிந்ததும் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டவர். அந்தத் துணைவேடத்துக்குச் சுந்தராம்பாள் கொடுத்த கனத்தால் படத்தின் எடை கண்ணகியிடமிருந்து சற்றே அவர் பக்கம் சாய்கிறது. கூத்தில் மடை (படையல்) பரவிக் கண்ணகியை இறக்குகின்ற நமக்கு இது புதிய பார்வையாக இருக்கும். உங்கள் ஒப்பீட்டுக் கட்டுரைக்கு இதைவிட நல்ல பொருள் கிடைப்பது கடினம்.

பின்வந்த மகாகவி காளிதாஸ், கந்தன் கருணை போன்ற படங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். அவற்றில் அவர் பெரும்பாலும் அவராகவே, திருநீறு பூசிய பாடும் அம்மையாராகவே வருகிறார். வேடம் சுருங்கிக் குரல் மட்டும் வேண்டப்பட்ட காலம் அது. அது அவருடைய குறை அல்ல. இயக்குநர்கள் அவரிடம் அதற்கு மேல் கேட்கவில்லை. 1969 இன் துணைவனில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அந்தப் பிரிவின் முதல் விருதை அதற்கு முந்திய ஆண்டுப் படத்துக்காகப் பி. சுசீலா பெற்றிருந்தார், இரண்டாவது இவருக்கு. அறுபது வயதைத் தாண்டிய தொண்டை அது என்பதை நினைவில் வையுங்கள். சென்னைத் தமிழ் இசைச் சங்கம் இசைப் பேரறிஞர் பட்டத்தையும், இந்திய அரசு 1970 இல் பத்மஸ்ரீ விருதையும் வழங்கின. கொடுமுடியில் தம்முடைய பெயரில் ஒரு திரையரங்கும் கட்டினார். 1980 இல் காலமானார்.

நடிகையா, பாடகியா என்ற கேள்விக்கு விடையெழுத அவருடைய படங்களின் எண்ணிக்கையைக் கொண்டு தொடங்க வேண்டாம். வள்ளி திருமணத்தின் பனுவலை எடுத்து, தர்க்கப் பகுதியைச் சத்தமாகப் பாடிப் பாருங்கள். பிறகு திருவிளையாடல் காட்சியைக் கேளுங்கள். அதன்பின் ஒளவையாரைப் பாருங்கள். பூம்புகாரைக் கடைசியாக வையுங்கள். உங்கள் ஊரில் கோவலன் கூத்தில் பெண்வேடம் ஆடிய மூத்தவர்கள் இருப்பார்கள். அவர்களிடம், ஒலிபெருக்கி வருமுன் விடிய விடியத் தொண்டையை எப்படிக் காத்தார்கள், சொல்லைத் தெளிவாக விடுவதற்கு அண்ணாவியார் என்ன பழக்கினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வதை இந்தப் படங்களோடு பக்கத்தில் வைத்தால், சுந்தராம்பாளுடைய நடிப்பு எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை உங்களால் சொந்தச் சொற்களில் எழுத முடியும்.